சுவீடன்காரன் கூப்பிட்ட பிள்ளை

1

ஊரில் சின்னச் சஞ்சிகை ஒன்று நடத்துகிற தம்பி ஒருவர், "அக்கா, இத்தாலி வாழ்க்கையைப் பற்றி நல்லதாய் நாலு விஷயம் எழுதித் தாங்கோ" என்று கேட்டிருந்தார். நல்லதாய் நாலு விஷயம் என்னிடம் இல்லை. கெட்டதாய் ஒன்று இருக்கிறது, அதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் குப்பையில் போடட்டும்.

பத்து வருஷத்துக்குப் பிறகு ஆர்விட் பலெர்மோவுக்கு வந்துவிட்டுப் போனான். ஆர்விட் சுவீடன் நாட்டு உதைபந்தாட்டக்காரன். கோல் அடிக்கிறவன் இல்லை, அடிக்க விடாமல் பின்னுக்கு நின்று மறிக்கிறவன். இந்த நகரத்தின் பெரிய அணியில் அல்ல, ஸ்ஃபெர்ராகவால்லோப் பக்கம் மீன் மொத்த வியாபாரி ஒருவர் காசைக் கொட்டி வளர்த்த சின்ன அணியில் ஆடினான். நான் அவன் வீட்டில் வேலை செய்தேன். "அவர்" என்று எழுதச் சொல்லிக் கை கேட்கிறது. வேலைக்காரியின் கை அப்படித்தான் கேட்கும். நான் விடமாட்டேன், அவன் என்றுதான் எழுதுவேன்.

அவன் வரப்போகிற சேதி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பூசை முடிந்து எமில்டா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. எமில்டா என் சின்னம்மாவின் மகள், எனக்குத் தங்கச்சி முறை. போர்கோ வெக்கியோவில் எனக்கு இரண்டு கதவு தள்ளி இருக்கிறாள். அவளுடைய மகள் டிலானி பத்து வயதில் வன்னியிலிருந்து வந்தவள். இப்போது பல்கலைக்கழகம் போகிறாள், பின்னேரங்களில் ஒரு கைப்பேசிக் கடையில் நிற்கிறாள். என் பெர்மெஸ்ஸோவை, இங்கே இருக்கிறதுக்கான அனுமதியை, புதுப்பிக்க இணையத்தில் நாள் எடுப்பதும், "பெரியம்மா, இந்தக் கடவுச்சொல்லை இன்னொருக்கா மறந்தியளெண்டா நான் செய்து தரமாட்டன்" என்று ஏசுவதும் அவள்தான். பூசையில் என் பக்கத்தில்தான் இருப்பாள். பாட்டுத் தெரியாத இடத்தில் வாயை மட்டும் அசைப்பாள்.

அன்றைக்கு எமில்டா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். டிலானி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் துள்ளி எழும்பினாள்.

"அஸ்பெத்தா, அஸ்பெத்தா, பொறுங்கோ, இதைக் கேளுங்கோ. அம்மா வேலை செய்த வீட்டு ஆள், அந்தச் சுவீடன்காரன், பேட்டி குடுத்திருக்கிறார்."

அந்த அணி மேல் பிரிவுக்குப் போகப் பார்த்து விழுந்த ஆட்டத்தின் பத்தாம் ஆண்டாம். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் கூடுகிறார்களாம். பேட்டியில் அவனுடைய வாழ்க்கையைக் கேட்டுவிட்டுக் கடைசியில், பலெர்மோவில் உங்களுக்குக் கவலை மட்டும்தானா மிச்சம் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவன் சொன்னதை டிலானி இத்தாலியனில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"இல்லை. அங்கை நான் ஒரு நல்ல காரியம் செய்தனான். என்ரை வீட்டிலை வேலை செய்த மரியாவுக்கு, அவளின்ரை மகளைக் கூப்பிடுறதுக்கு வேலை ஒப்பந்தம், கொன்ராத்தோ, போட்டுக் குடுத்தனான். அந்தப் பிள்ளை இப்ப பெரிசா வளந்திருக்கும். இப்பிடிச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா. குவெஸ்தா சோனோ இயோ. இது நான்தானே."

எமில்டா திரும்பவில்லை. உரித்த இறாலையே மறுபடி மறுபடி கழுவினாள். நான் தலையிடி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன்.

2

முதலில் இந்த மனுஷனின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். பாதி அவன் வாயாலேயே கேட்டது, மீதி டிலானி வாசித்தது.

அவன் பிறந்தது சுவீடனின் வடக்கில். ஏரி உறைந்து அதன் மேலே லொறி ஓடுமாம். ஊரின் பெயரைச் சொல்லித் தந்து, நான் திருப்பிச் சொன்னால் சிரிப்பான். என்னுடைய ஊர் பேசாலை என்பதை அவன் ஒருநாளும் கேட்கவில்லை. ஆகவே சிரிக்கிற வாய்ப்பு எனக்கு வரவில்லை. தகப்பன் மரம் ஏற்றும் லொறி ஓட்டியவர், தாய் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்தவர். "என்ரை அம்மாவும் உன்னைப் போலத்தான், மரியா" என்று கோப்பி குடிக்கும்போது சொல்வான். என்னைப் போலத்தானாம். சுவீடனில் கிழங்கு அவிக்க அவன் தாய் விடிய வெள்ளென வெளிநாட்டார் வரிசையில் போய் நின்றாரா என்று கேட்க வாய் உன்னும். கோப்பிக் கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விடுவேன்.

சின்ன வயதில் பனிக்கட்டியில் ஹொக்கி ஆடியவன், பிறகு உதைபந்துக்கு வந்தான். முதலில் முன்வரிசையில்தான் நின்றானாம். கோல்வாசலுக்கு முன்னால் போனதும் யோசிக்கத் தொடங்கிவிடுவான். முன்னுக்கு நிற்கிறவனுக்குக் கொஞ்சம் திமிர் வேண்டும், உனக்கு அது இல்லை என்று பயிற்சியாளர் பின்வரிசைக்கு அனுப்பினார். அங்கேதான் அவனுக்கு அந்தப் பாடம் கிடைத்தது. வருகிறவனின் முகத்தைப் பார்க்காதே, முகம் பொய் சொல்லும். கண் ஒரு பக்கம் பார்க்கும், கால் மறுபக்கம் போகும். இடுப்பைப் பார், இடுப்பு பொய் சொல்லாது. இதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். எத்தனையோ பெரிய ஆட்டக்காரரை மறித்திருக்கிறேன், ஒருவரின் முகமும் எனக்கு நினைவில்லை என்று பேட்டியிலும் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

ஊர் அணியிலிருந்து தெற்கே துறைமுக நகரம் ஒன்றின் முதற்பிரிவு அணிக்குப் போனான். நாட்டின் இளையோர் அணிக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். தடித்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாங்கிலில் இருந்துவிட்டு வந்தான். பிறகு நோர்வே. பிறகு பெல்ஜியம், அங்கே முழங்கால் போனது. ஒருவரும் கேட்காத வயதில் அந்த மீன் வியாபாரி வீடியோவில் பார்த்து அவனைப் பலெர்மோவுக்கு எடுப்பித்தார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற மனுஷன், இவனுடைய முழங்காலைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ஆனாலும் இங்கே அவன் ராசாவாக இருந்தான், அதை மறைக்கமாட்டேன். ஒருவனை ஒட்டினால் ஒட்டினதுதான். ரசிகர்கள் அவனைக் 'கொல்லா' என்று கூப்பிட்டார்கள், பசை என்று அர்த்தம். மீன்கடைக்காரர் நான் அவன் வீட்டு வேலைக்காரி என்று தெரிந்ததும் காசு வாங்காமல் ஒரு பிடி நெத்தலியைச் சேர்த்துப் போடுவார். பசையின் வீட்டு மரியா என்றுதான் அங்கே எனக்குப் பெயர்.

3

என் பெயர் ஜெசிந்தா. மரியா என்பது எங்கள் பெண்கள் இங்கே கண்டுபிடித்த ஒரு வழக்கம். நீங்கள் ஊரில் இருந்து கேட்டால் சிரிப்பீர்கள்.

இங்கே வீட்டு வேலை என்பது ஒரு சொத்து. ஊருக்குப் போகிற நேரம் ஒரு மாதம் வீட்டைச் சும்மா விட்டால் அடுத்த நாளே வேறு யாராவது பிடித்துவிடுவார்கள். அதனால் தங்கச்சியையோ மச்சாளையோ வைத்துவிட்டுப் போவோம். புதுமுகம் என்று வீட்டுக்காரர் முகம் சுளிக்கக்கூடாது. போகமுதல் எல்லாம் சொல்லிக் கொடுப்போம். வீட்டுக்காரி சிக்னோராவுக்குக் கோப்பியில் எவ்வளவு சீனி, எந்தத் துணியை எந்தச் சூட்டில் தோய்ப்பது. பெயரையும் கொடுத்துவிட்டுப் போவோம். மரியா போனாள், மரியா வந்தாள். வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாமல் இருந்தால்தான் ஆள் கெட்டிக்காரி. "என்ரை சிக்னோரா நான் ஊருக்குப் போனதையே கவனிக்கேல்லை" என்று கோயில் வாசலில் நின்று பெருமை அடித்த பெண்களை எனக்குத் தெரியும். நானும் அடித்திருக்கிறேன்.

ஆர்விட்டின் வீடு ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலைப் பார்த்தபடி. வாங்கிய வீடு. ஒரு பெண் வந்தாள், இரண்டு கோடை இருந்தாள், போனாள். மற்றப்படி அவனும் அவனுடைய முழங்காலும்தான். நான் கிழங்கு அவித்தேன், மீன் பொரித்தேன், சேறு பிடித்த காலுறைகளைக் கையால் தோய்த்தேன். அவன் வீட்டில் எனக்குக் கடதாசி இல்லை, கையில் காசு. என் பெர்மெஸ்ஸோ ஒரு கிழவி சிக்னோரா போட்டுத் தந்த சின்னக் கொன்ராத்தோவில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது நான் இங்கே இருக்கக் காணும், என் மகள் வரக் காணாது.

மகள் நிரோஜா. தகப்பன் காய்ச்சலில் போனபிறகு, ஐந்து வயதில் அவளைப் பேசாலையில் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். கூப்பிட வேண்டும் என்றால் முழுநேரக் கொன்ராத்தோ வேண்டும், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகமுதல் கூப்பிட வேண்டும். நான் சொல்கிற அந்த வருஷம் அவளுக்குப் பதினாறு முடிந்திருந்தது.

ஆர்விட்டிடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவன் சாப்பிட்டு முடித்துக் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னான்.

"அணி மேலே போனால் எனக்குப் புதுக் கொன்ராத்தோ, மரியா. உனக்கும் புதுக் கொன்ராத்தோ. வாக்கு."

அன்றிலிருந்து பேசாலைக்காரி ஒருத்தி இத்தாலிய மூன்றாம் பிரிவு உதைபந்தாட்டத்தைச் செபமாலை சொல்வது போல் பின்பற்றத் தொடங்கினாள். யார் யாரை வென்றான், யாருக்கு மஞ்சள் அட்டை, எந்த அணி எத்தனையாவது இடம், எல்லாம் எனக்குத் தெரியும். அவனுடைய முழங்காலுக்கு ஐஸ் வைக்கும்போது என் பிள்ளைக்கு வைக்கிறேன் என்று நினைத்துத்தான் வைத்தேன். மாதாவிடம் ஒரு சுவீடன்காரனின் முழங்காலுக்காக மன்றாடிய தமிழ்ப் பொம்பிளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

4

ஆனி மாதம் கடைசி ஆட்டம். சமன் வந்தாலே போதும், மேலே போய்விடலாம். எங்கள் தெருவில் மேசையை வெளியே இழுத்து ஒரு தொலைக்காட்சியை வைத்தார்கள். நானும் வாசலில் நின்று பார்த்தேன். ஆட்டம் முழுக்க அவன் எதிரணியின் முன்வரிசைக்காரனை ஒட்டிக்கொண்டே திரிந்தான், மூச்சுவிட விடவில்லை. முடியப்போகிற நேரம், என்ன பேய் பிடித்ததோ, பந்தை எடுத்துக்கொண்டு முன்னுக்கு ஓடினான். ஆயுசு முழுக்கப் பின்னுக்கு நின்றவனுக்கு அந்தக் கடைசி நிமிஷத்தில் கோல் ஆசை. பந்து பறிபோனது. அவன் விட்டுவிட்டு வந்த ஆள் அங்கே தனியே நின்றான், கோல் போட்டான்.

பிறகு ஒரு கிழவன் தொலைக்காட்சியைத் துணியால் மூடினான், செத்த வீட்டில் கண்ணாடியை மூடுவது போல.

அடுத்த நாள் அவன் வீட்டு மதிலில் கறுப்பு மையால் 'போய்த் தொலை' என்று எழுதியிருந்தது. பாண்காரன் அவனுக்குப் பாண் இல்லை என்றான், தட்டு நிறையப் பாண் இருந்தது. மீன்கடைக்காரர் எனக்கும் நெத்தலி போடுவதை நிறுத்தினார். "அவன்ரை வீட்டிலை இன்னும் வேலை செய்யிறியோ?" என்று எங்கள் தெருப் பெண்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். மதிலைத் தேய்த்துக் கழுவியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். காலையில் கழுவுவேன், மறுநாள் மறுபடி எழுதியிருப்பார்கள். அவன் யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கிடப்பான். உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் போகாதே என்றும் போ என்றும் சொல்லும் ஊர் ஒன்று வாய்த்தது போல ஒரு துக்கம். எங்களுக்கு இதெல்லாம் ஒவ்வொரு முறை பெர்மெஸ்ஸோ முடியும்போதும் நடக்கிறதுதான். மதிலில் எழுதமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆவணியில் மடு மாதா திருநாளுக்கு எனக்கு முன்கூட்டியே ரிக்கற் எடுத்திருந்தது. நிரோஜாவைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கிளம்பமுதல் ஆர்விட்டிடம் கேட்டேன், என் விஷயம் என்ன மாதிரி என்று. "மறக்கமாட்டேன்" என்றான். தலை குனிந்தபடிதான் சொன்னான்.

எமில்டாவை வைத்துவிட்டுப் போனேன். போர் முடிந்த கையோடு புருஷனைக் காணாமல் போகக் கொடுத்தவள். பெர்மெஸ்ஸோ இருந்தது, வேலை இல்லை. மகள் டிலானி வன்னியில் மாமியாரோடு. பாவம் என்றுதான் வைத்தேன். கிழங்கு எப்படி அவிப்பது, ஐஸ் எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். "பேர் கேட்டா மரியா எண்டு சொல்லு" என்றேன்.

பேசாலையில் நிரோஜா என்னைவிட உயரமாக நின்றாள். அதிகம் கதைக்கவில்லை. பதினாறு வயது, அப்படித்தான் என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்ச நாள் பிள்ளை, அம்மா உன்னைக் கூப்பிட்டிடுவன்" என்றேன். "ம்" என்றாள்.

திரும்பி வந்தபோது ஆர்விட் போய்விட்டிருந்தான். டென்மார்க்கில் ஒரு அணி அவசரமாக எடுத்திருந்தது. வீட்டை விற்கவில்லை, பூட்டி வைத்திருந்தான். சாவி எமில்டாவிடம் இருந்தது. அவள் சாவியை மேசையில் வைத்துவிட்டு, கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கோவியாதை. போறதுக்கு முதல் அவர் தன்ரை கணக்குக்காரர் கொமெர்சியலிஸ்தாவைக் கூப்பிட்டவர். வீட்டைப் பாக்கிறதுக்கு மரியாவுக்கு முழுநேரக் கொன்ராத்தோ எண்டு சொன்னவர். கணக்குக்காரர் வந்து, நீதானோ மரியா எண்டு கேட்டார். ஓம் எண்டன். பாஸ்போட்டைத் தா எண்டார்."

"குடுத்தியோ?"

"குடுத்தனான்."

"அவன் எங்கை நிண்டவன்?"

"மேசைக்கு அங்காலைதான் இருந்தவர். கையெழுத்துப் போட்டிட்டு, உன்ரை மகளுக்கு நல்லது நடக்கட்டும் எண்டு சொன்னவர். எனக்கும் மகள்தானே அக்கா."

அவளை அறைந்தேன். அறைந்தபிறகும் அவள் கட்டியிருந்த கையை எடுக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னாள்: "ஓம் எண்டு சொல்ல நீதானே பழக்கினனீ."

நாலு வருஷம் அவனுக்குச் சோறு போட்ட என் முகமும், ஒரு மாதம் மட்டும் வந்த அவளுடைய முகமும் அவனுக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. அவனுக்கு முன்னால் ஒரு சேலைக்காரியின் இடுப்பு குசினிக்கும் மேசைக்கும் நடுவே போய் வந்திருக்கிறது. போதாதா?

5

அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். கணக்குக்காரர், "சிக்னோரா, நான் அந்த வீட்டில் நின்ற பொம்பிளைக்குத்தான் எழுதினேன்" என்றார். அதில் பொய் இல்லை. ஆர்விட்டின் பழைய இலக்கத்துக்கு அடித்தால் மணி போகவேயில்லை. எமில்டாவின் கொன்ராத்தோவைக் கிழித்துப் போடச் சொல்லலாம், ஆனால் அதற்குள் அவள் டிலானிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். எங்கள் பாதர் இருவரையும் இருத்தி வைத்து, ஒரு பிள்ளையாவது வரட்டும், சமாதானமாக இருங்கள் என்றார். சமாதானம் சொல்ல அவருக்கென்ன, அவர் பிள்ளை பெறாதவர்.

வேறு கொன்ராத்தோ தேடினேன். கிடைத்தது, முழுநேரமும் கிடைத்தது. கிடைத்தபோது நிரோஜாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. கதவு மூடினால் மூடினதுதான்.

டிலானி வந்து இறங்கிய நாளில் விமானநிலையத்துக்கு நானும் போனேன். போகாவிட்டால் ஊர் கதைக்கும். மெலிந்து, மூக்கு வழிந்துகொண்டு, பெரிய காற்சட்டை போட்ட பிள்ளை. எமில்டா விழுந்து கட்டிப்பிடித்து அழுகிறாள், பிள்ளை தாயின் தோளுக்கு மேலால் என்னைப் பார்க்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையை உதறத்தான் நினைத்தேன், உதறவில்லை. பிறகு வருஷங்கள் போக, உதறவும் முடியாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் கறுப்பி என்று கூப்பிட்டார்கள் என்று என் மடியில்தான் அழுதாள். சிசிலியனில் கெட்ட வார்த்தை பழகிக்கொண்டு வந்து என்னிடம்தான் அதற்கு அடி வாங்கினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எமில்டாவும் நானும் சொல்லவில்லை. ஆனால் அவள் சிரிக்கும்போதெல்லாம், இது என் பிள்ளை சிரிக்க வேண்டிய சிரிப்பு என்று மனதுக்குள் ஒரு முள் குத்தும். பத்து வருஷம் குத்தியது.

நிரோஜா தலைமன்னாரில் கலியாணம் முடித்தாள். ஒரு பெண்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். "சுகமோ?" "சுகம்." "மழையோ?" "மழை." பிறகு பிள்ளையைக் காட்டுவாள். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு ஓடிவிடும்.

ஆர்விட்டின் மிச்சக் கதை, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். டென்மார்க்கில் முழங்கால் மறுபடி போனது. ஊருக்குத் திரும்பி நாலாம் பிரிவில் கொஞ்சம் ஆடினான். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறானாம், வார நாட்களில் ஒரு மர ஆலையில் வேலையாம். ஸ்ஃபெர்ராகவால்லோ வீட்டை விற்றுவிட்டான். அந்த அணியும் கலைந்துவிட்டது. கலைந்தபிறகுதான் ஊருக்கு அதன் மேல் பாசம் வந்தது. 'போய்த் தொலை' என்று எழுதியவர்கள்தான் இப்போது 'எங்கள் கொல்லா' என்று பதாகை கட்டுகிறார்கள்.

6

நான் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். டிலானி விடவில்லை. அவரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும், பெரியம்மாவும் வர வேண்டும் என்று நின்றாள். எமில்டா என் வீட்டுக்கு வந்து, "அக்கா, நீ வராதை" என்றாள். அவள் அப்படிச் சொன்னபடியால் போனேன்.

புழுதி மைதானம், பிளாஸ்டிக் கதிரைகள், பொரித்த மீன் வாசம். ஆர்விட் பெருத்திருந்தான், முடி போயிருந்தது, ஒரு காலை இழுத்து நடந்தான். டிலானி முன்னுக்குப் போய்த் தன்னை இன்னார் என்று சொன்னதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் கட்டிப்பிடித்தான். எமில்டாவைக் கட்டிப்பிடித்து "மரியா, மரியா" என்றான். படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். எமில்டா நிலத்தைப் பார்த்தாள்.

டிலானி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இது என்ரை பெரியம்மா" என்று அவனுக்கு இத்தாலியனில் சொன்னாள்.

அவன் கையை நீட்டி, "பியாச்சேரே" என்றான். முதல் முறை சந்திக்கிறவருக்கு இங்கே சொல்கிற சொல் அது. உங்களை அறிந்ததில் மகிழ்ச்சி என்று அர்த்தம்.

"நாலு வருஷம் உன்ரை வீட்டிலை வேலை செய்தது நான்" என்றேன். என் இத்தாலியன் நொண்டி, அவனுடையதும் நொண்டி, ஆகவே அவனுக்கு நன்றாக விளங்கியது. "இவள் ஒரு மாதம் வந்தவள். மகளைக் கூப்பிடக் கேட்டது நான். உன்ரை முழங்காலுக்கு ஐஸ் வைத்தது நான்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு எமில்டாவைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். முகம் கொஞ்சம் சிவந்தது. பிறகு ஒரு சிரிப்பு வந்தது, கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், தப்பி ஓடுகிறவனின் சிரிப்பு.

"நீங்கள் எல்லாரும் மரியா" என்றான். "ஆனால் மகள் வந்துவிட்டாள்தானே? அதுதானே முக்கியம்."

"எந்த மகள்?" என்று கேட்டேன்.

யாரோ அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவன் காலை இழுத்துக்கொண்டு போனான். டிலானி என் கையை இன்னும் பிடித்திருந்தாள், ஆனால் பிடி தளர்ந்துவிட்டது.

7

திரும்பும் பஸ்ஸில் மூவரும் ஒரே வரிசையில் இருந்தோம். டிலானி நடுவில். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தவள் கேட்டாள்.

"பெரியம்மா, நான் ஆரின்ரை இடத்திலை வந்தனான்?"

"அக்கா, வேண்டாம்" என்றாள் எமில்டா.

நான் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். மடுவுக்குப் போனது, பாஸ்போட், அறைந்தது, பதினெட்டு, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்குச் சுகமாக இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். எமில்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

டிலானி அழவில்லை. "என்னைப் பாக்கேக்கை உங்களுக்கு நிரோஜா அக்கான்ரை ஞாபகமோ வரும்?" என்றாள்.

"ஓம்."

"எப்பவுமோ?"

"எப்பவும்."

அவள் மணியை அமத்தினாள். எங்கள் தரிப்பிடம் இன்னும் தூரத்தில் இருந்தது. இறங்கி நடந்து போய்விட்டாள், தாயையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் இல்லை. தோழியின் வீட்டில் இருக்கிறாளாம். எமில்டா கோயிலில் என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறாள். பத்து வருஷம் நான் மனதுக்குள் அவளுக்குச் செய்ததை இப்போது அவள் வெளியே எனக்குச் செய்கிறாள், செய்யட்டும்.

நேற்று நிரோஜா வீடியோவில் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. பிள்ளையைக் காட்டவில்லை, தானே முன்னுக்கு இருந்தாள்.

"டிலானி எனக்கு எடுத்தவள். ஒரு மணித்தியாலம் அழுதாள். உங்கடை இடத்தை நான் எடுத்திட்டன், மன்னியுங்கோ எண்டாள். ஏனம்மா அந்தப் பிள்ளைக்கு இதைச் சொன்னனீங்கள்?"

"உண்மையைச் சொன்னன். நீ வரவேண்டிய இடம் அது."

"நான் வந்திருக்கமாட்டன்."

விளங்கவில்லை எனக்கு. என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"கொன்ராத்தோ கிடைச்சிருந்தாலும் வந்திருக்கமாட்டன். நீங்கள் மடுவுக்கு வந்து நிக்கேக்கையே என்னை வளத்த பெரியம்மாட்டைச் சொல்லி அழுதனான், என்னை அனுப்பிப் போடாதேங்கோ எண்டு. உங்களுக்குச் சொன்னா மனம் நோகுமெண்டு பெரியம்மா சொல்லேல்லை. அம்மா, அஞ்சு வயசிலை விட்டிட்டுப் போனனீங்கள். எனக்கு உங்களைத் தெரியாதே."

கோபமாகச் சொல்லவில்லை. மழையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். பின்னால் அவளுடைய பிள்ளை எதையோ போட்டு உடைத்தது, அவள் திரும்பிப் பார்த்து அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, இனி என்ன கதைப்பது என்று தெரியாதவர்கள் கேட்கிறதைக் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களோ?"

ஓம் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.